மறுபக்கம் பூஜ்யம்

ஒரு ஆம்லெட்டுக்காக ஒரு குடும்பத்தை வீட்டைவிட்டு வெளியேற்றலாமா கூடாதா என்ற கேள்வி தையல்நாயகியின் முன்னால் வந்து நின்றபோது, அந்த ஆம்லெட் அவளுடைய வயிற்றில்தான் இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவள் கணவர் அம்பலவாணன் நோட்டீஸ் சொல்லிக்கொண்டிருந்தார். கைபேசி எழுதிக்கொண்டிருந்தது. தணிக்கை அதிகாரியாக ஓய்வுபெற்ற மனிதர். இப்போது ‘சாத்விகா கார்டன்ஸ்’ குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். ஒரு நாளைக்கு ஒரு தப்பாவது கண்டுபிடிக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது.

“தங்கள் சமையலறைச் சுவரில் முட்டை சார்ந்த வெப்பம் திரும்பத் திரும்பப் பதிவாகியுள்ளது. வாடகை ஒப்பந்தத்தின் சுத்த சைவ விதியை மீறியமையால் தாங்கள் இந்த மாத இறுதிக்குள்…” என்று நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். “தையூ, ‘காலி செய்ய வேண்டும்’னு போடவா, ‘காலி செய்து ஒத்துழைக்க வேண்டும்’னு போடவா? எது மரியாதையா இருக்கு?”

“யாருக்குங்க?”

“வேற யாரு, பக்கத்து வீட்டு நர்ஸம்மாதான். நம்ம சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கமே நடந்திருக்கு, பாரேன்! பூனை மாதிரி இருந்துக்கிட்டு என்ன வேலை பார்த்திருக்கா!”

தையல்நாயகி கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, துடைக்க வேண்டிய அவசியமே இல்லாத மேஜையைத் துடைத்தாள்.

அவளுடைய ஆம்லெட் கதை பெரிய கதை இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் படுத்திருந்தபோது, அடுத்த கட்டில்காரருக்குப் போக வேண்டிய தட்டு இவளுக்கு வந்துவிட்டது. மயக்க மருந்து முழுதாகத் தெளியாத நிலையில் தின்றுவிட்டாள். தெளிந்த பிறகு அழுதிருக்க வேண்டும். அவளோ அடுத்த நாளும் அந்தத் தட்டு மாறி வராதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு, அவர் சங்க அலுவலகத்துக்கு இறங்கிப் போனதும், பதினோரு மணிவாக்கில் ஒன்று. ஒன்றே ஒன்றுதான். வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் மிளகு. கடையிலிருந்து முட்டை வருவது வெண்டைக்காய்க்கு அடியில். அறுபது வயதில் அவளுக்கென்று இருந்த ஒரே ரகசியம் அது.

மாட்டிக்கொள்ளவும் வழியில்லாமல்தான் இருந்தது. வாசனை ஒழிந்துபோன காலம் அல்லவா இது! அடுப்புக்கு மேலே மாட்டுகிற புதுவகைச் சிம்னி வந்தாலும் வந்தது, வாசம் கிளம்புவதற்கு முன்பே அதை விழுங்கிவிடுகிறது. அதற்கு முன்னெல்லாம் சங்கத்தின் ஒரே ஆயுதம் மூக்குதான். செயற்குழு உறுப்பினர்கள் நடைப்பயிற்சி என்ற பெயரில் ஒவ்வொரு மாடியிலும் மோப்பம் பிடித்துக்கொண்டு போவார்கள். சிம்னி வந்ததும் அத்தனை மூக்குகளுக்கும் வேலை போயிற்று. அடுத்தவர் வீட்டுக்குள் எந்தக் கருவியும் வைக்கக்கூடாதென்று சட்டம் வேறு கடுமையாக இருந்தது.

சங்கத்தின் வக்கீல் ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டுக்குள் இருக்கும் காற்று குடியிருப்பவருக்குச் சொந்தம். சுவரின் மேல்பூச்சும் பெயின்ட்டும் வீட்டு உரிமையாளருக்குச் சொந்தம். ஆனால் சுவரின் உட்புறம்? அது சங்கத்தின் பொதுச்சொத்து! லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி மாதிரி. அங்கே சங்கம் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். வைத்தார்கள்.

நோட்டீஸ் போன மறுநாள், அந்த ஏற்பாட்டைச் செய்த பொறியாளர் இன்பசேகரன் செயலாளரைப் பார்க்க வந்தான். அவர் கீழே தோட்டக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் தையல்நாயகி அவனை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றாள்.

“தம்பி, உங்க மெஷின் சமையலறைக்குள்ள பாக்குமா?”

“பாக்காதும்மா. பாத்தா சட்டப்படி தப்பு. சுவருக்குள்ள தம்மாத்தூண்டு தெர்மாமீட்டருங்க இருக்கு. அவ்வளவுதான்.”

“சுவருக்குள்ள புதைஞ்சு கிடக்கிறதுக்கு வெளிய அடுப்புல என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?”

“அதுக்குத் தெரியாது. நாமதான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கணும்.” அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கேட்க ஆள் கிடைக்காத வித்தை கையில் இருப்பவர்களுக்கெல்லாம் வருகிற வெளிச்சம். “அடுப்பு எரிஞ்சா சுவரோட மேல்பக்கம் சூடாகும். அந்தச் சூடு மெதுவா உள்ள இறங்கும். நடுவுக்கு வந்து சேர்றதுக்குள்ள மங்கிப்போயிடும், நேரமும் தள்ளிப்போயிடும். மேல இவ்வளவு சூடு வச்சா உள்ள எவ்வளவு வரும்னு கேட்டா, அது சுலபமான கணக்கு. நாங்க அதைத் தலைகீழாப் போடறோம். உள்ள இவ்வளவு வந்திருக்கே, அப்படின்னா மேல எப்போ, எவ்வளவு சூடு வச்சிருப்பாங்க? ராக்கெட் பூமிக்குத் திரும்பும்போது அதோட முனை எரியும்மா. அங்க கருவி வச்சா உருகிடும். அதனால உள்ள வச்சுட்டு வெளிய உள்ள சூட்டைக் கணக்குப் பண்ணுவாங்க. நான் முன்னாடி அந்த வேலைதான் பாத்தேன்.”

“ராக்கெட்டை விட்டுட்டு ஆம்லெட்டுக்கு வந்துட்டீங்களா?”

“இங்கதாம்மா ஆர்டர் வருது.”

“அது சரி, ஆம்லெட்டுன்னு எப்படிச் சொல்றீங்க? தோசையா இருக்கக் கூடாதா?”

“தோசைன்னா ஒண்ணோட நிக்காதேம்மா! வரிசையா வரும். சூடு ஏறி இறங்கி, ஏறி இறங்கி. ஒரே ஒரு தோசை சுட்டு அடுப்பை அணைக்கிற வீடு இந்த ஊர்ல எங்க இருக்கு? இது சுருக்குனு ஒரு தடவை ஏறும், அடங்கிடும். ஆம்லெட்தான்.”

“தப்பாப் போக வாய்ப்பே இல்லையா?”

இன்பசேகரன் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தான். “தலைகீழ்க் கணக்குல ஒரு வம்பு இருக்கும்மா. உள்ள ஒரு துளி தப்பு வந்தா வெளிய அது பூதாகரமாயிடும். அதனால விடையைக் கொஞ்சம் தேய்ச்சு வழவழன்னு ஆக்கணும். தேய்ப்பு கூடினா ஆம்லெட் இட்லியாயிடும். குறைஞ்சா இட்லி பிரியாணியாயிடும்.”

“எவ்வளவு தேய்க்கணும்னு யார் சொல்றது?”

“பொதுக்குழுல கையைத் தூக்கி ஓட்டுப் போட்டாங்க.”

அவள் அடுத்த கேள்வியைக் கேட்பதற்கு முன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்தச் சுவருக்கு நாங்களும்தானே ஒரு பக்கம் இருக்கோம் தம்பி?”

“இருக்கீங்க. ஒரு பக்கத்துச் சூட்டைக் கண்டுபிடிக்கணும்னா இன்னொரு பக்கம் என்னன்னு முதல்ல நாம வச்சுக்கணும். உங்க பக்கம் பூஜ்யம்னு வச்சிருக்கோம். செயலாளர் வீட்டுல தப்பா எதுவும் சூடாக வழியே இல்லைன்னு சார் சொல்லிட்டார்.”

“பூஜ்யம்னா? நான் சாம்பார்கூட வைக்கலையா?”

“கணக்குப்படி நீங்க அடுப்பே பத்தவைக்கிறதில்லைம்மா. இந்தச் சுவர்ல வர்ற சூடு மொத்தமும் நர்ஸம்மா கணக்குலதான் ஏறும். அவங்க எந்நேரமும் சமைச்சுக்கிட்டே இருக்காங்களேன்னு சார்கூட ஆச்சரியப்பட்டார்.”

மாட்டிக்கொள்ளவில்லை என்று தெரிந்த அந்த நிமிஷத்தில் அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். முப்பத்தைந்து வருஷமாக மூன்று வேளையும் அடுப்படியில் வெந்து சாகிறாள். பூஜ்யமாம்! காலி டம்ளரை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலமே ஜெபராணி நோட்டீஸும் கையுமாக வந்து நின்றாள். நாசரேத் பக்கத்துக்காரி. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு நேர நர்ஸ். புருஷன் கப்பலில். பெண் பிளஸ் டூ.

“ஆன்ட்டி, நீங்களாவது அங்கிள்ட்ட சொல்லுங்க. நைட் டூட்டி முடிச்சு வந்து பதினோரு மணிக்குப் பொணம் மாதிரி தூங்குதேன். நான் எங்கருந்து முட்டை பொரிக்க?”

“நீ பொரிச்சிருக்க மாட்டேம்மா,” என்றாள் தையல்நாயகி. அவளைவிட நிச்சயமாக அதை வேறு யார் சொல்ல முடியும்!

“ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாச்சுல்லா. அன்னையிலருந்து முட்டை ஓடுகூட எங்க வீட்டு நடை ஏறலை. ஆஸ்பத்திரி கேன்டீன்லகூட சாம்பார் சாதந்தான் திங்கேன், வாய்க்கு ருசி கண்டு வீட்டுக்கு இழுத்துறக் கூடாதுன்னு. மீனு தின்னு வளந்த உடம்பு ஆன்ட்டி. கனவுல சாளை வருது.” சிரிக்கப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. “வீடு மாறுததுகூடப் பெருசில்ல. இப்ப எல்லா அப்பார்ட்மென்ட்லயும் பழைய வீட்டு வெப்பச் சான்றிதழ் கேக்காவ. அதுல முட்டைன்னு இருந்தா ஒருத்தரும் வீடு தர மாட்டாங்க. அடுத்த மாசம் பிள்ளைக்குப் பரீட்சை. புஸ்தகத்தைத் தூக்கிட்டு நாங்க எங்க போவோம்?”

தையல்நாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்தாண்டி அது என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. வந்து, அங்கேயே பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டது. “நான் பேசிப் பாக்கறேன்,” என்று மட்டும் சொன்னாள். கதவைச் சாத்தியதும் தன் மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

முதலில் அவளுக்குத் தோன்றிய யோசனை, ஆம்லெட்டை நிறுத்திவிடுவது. சூடு வராவிட்டால் பேச்சே அடங்கிவிடும் அல்லவா? மிச்சமிருந்த முட்டைகளை ரோஜாத் தொட்டியில் புதைத்தாள். அந்த வாரக் கடைசியில் அம்பலவாணன் கைபேசியை ஆட்டிக்கொண்டு சந்தோஷமாக வந்தார்.

“பார்த்தியா! நோட்டீஸ் போனதுமே முட்டைச் சூடு நின்னுபோச்சு. இதைவிடச் சாட்சி வேணுமா? குற்றம் செஞ்சவ பயந்துட்டா.”

தின்றாலும் ஜெபராணி தலையில் விழுகிறது, தின்னாவிட்டாலும் அவள் தலையில்தான் விழுகிறது!

“என்னங்க… ஒருவேளை நம்ம பக்கத்துலேர்ந்து ஏதாவது…”

“நம்ம பக்கம் பூஜ்யம்!” அம்பலவாணன் இப்படிச் சத்தம் போட்டு அவள் கேட்டதே இல்லை. “அதைப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது. புரிஞ்சுதா?”

தன் மனைவி மீது ஒருவன் இவ்வளவு நம்பிக்கை வைப்பானா என்று அவளுக்கு நெஞ்சு கரைந்தது. அந்த நம்பிக்கையை உடைக்கப் போகிறோமே என்று ஒரு பாட்டம் அழுதாள். ஆனால் கோயிலில், ஆஸ்பத்திரியில், கடைத்தெருவில் எங்கே பள்ளிக்கூடப் பெண்ணைப் பார்த்தாலும் ஜெபராணியின் மகள் நினைவு வந்தது. முடிவு செய்துவிட்டாள்.

சனிக்கிழமை மாலை பொதுக்குழு கூடியது. சுண்டல் கொடுத்ததால் நல்ல கூட்டம். பெரிய திரையில் சுவரின் வெப்பக் கோடு மலையும் மடுவுமாக ஓடிக்கொண்டிருந்தது. ஜெபராணி கடைசி வரிசையில், டூட்டிச் சேலையோடு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அம்பலவாணன் எழுந்து, தாம் யார் மீதும் காழ்ப்பு கொண்டவர் அல்ல என்றும், அறிவியல் பேசும்போது மனிதன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றும் ஆரம்பித்து, வாயை மூடாமல் கால் மணி நேரம் பேசினார்.

“ஆட்சேபணை உண்டா?” என்று கடைசியில் கேட்டார்.

தையல்நாயகி எழுந்து நின்றாள்.

“அந்த ஆம்லெட் என்னோடது,” என்றாள். “ஜெபராணி ஒரு தப்பும் பண்ணலை. நான்தான் பொரிச்சேன். நான்தான் சாப்பிட்டேன். அந்தப் பொண்ணை விட்டுடுங்க.”

பிறகு யாரோ கைதட்டினார்கள். அப்படியே அரங்கம் முழுக்கப் பரவிவிட்டது.

“என்ன மனசும்மா உங்களுக்கு!” என்றார் பொருளாளர் மகாதேவன், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தபடி. “வாடகைக்கு வந்தவளுக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கறாங்க பாருங்க. இதுதான் சார் சாத்விகம்!”

“ஐயோ, நிஜமாத்தான் சொல்றேன்!”

“நீங்க அப்படித்தாம்மா சொல்வீங்க. உங்க வீட்டுப் பக்கம் பூஜ்யம்னு ரிப்போர்ட்லயே இருக்கே!”

வாயால் சொன்ன உண்மையை அச்சடித்த பூஜ்யம் அடித்துத் தள்ளிவிட்டது. கடைசி வரிசையில் ஜெபராணி அழுதுகொண்டே அவளைப் பார்த்துக் கும்பிட்டாள். அவளும் நம்பவில்லை! தையல்நாயகிக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. திரைக்குப் பக்கத்தில் நின்ற இன்பசேகரன் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, நீங்க போட்டதுதானே அந்த பூஜ்யம்? எடுத்துடுங்க. எடுத்துட்டு இவங்க முன்னாடியே கணக்குப் போடுங்க.”

“போட முடியாது!” அம்பலவாணன் துள்ளி எழுந்தார். “தொழில்நுட்பரீதியா அது சாத்தியம் இல்லை. சொல்லுங்க இன்பசேகரன்!”

இன்பசேகரன் சொல்லியிருக்கலாம். இன்னும் நாலைந்து குடியிருப்புகளின் ஒப்பந்தம் இவருடைய சிபாரிசில்தான் வர வேண்டியிருந்தது. ஆனால் ராக்கெட்டுக்குக் கணக்குப் போட்டவனைப் பார்த்து ஒரு கணக்கைப் போட முடியாதென்று அத்தனை பேர் முன்னால் சொன்னால் அவனும் மனுஷன்தானே.

“முடியும் சார். ஒவ்வொரு சுவர்லயும் ரெண்டு தெர்மாமீட்டர் இருக்கு. ஒண்ணு அந்தப் பக்கத்தை ஒட்டி, ஒண்ணு உங்க பக்கத்தை ஒட்டி. ரெண்டையும் வச்சுப் போட்டா எது எந்தப் பக்கத்துச் சூடுன்னு பிரிஞ்சுடும். நீங்கதான் ரெண்டாவதைக் கணக்குல சேர்க்க வேண்டாம்னீங்க. பதிவு எல்லாம் இருக்கு.”

அம்பலவாணன் தடுப்பதற்குள் கணினியில் விரலை வைத்துவிட்டான். திரையில் ஒரு கோடு இரண்டாகப் பிரிந்தது. ஜெபராணி வீட்டுக் கோடு காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் எழும்பி, பகலெல்லாம் படுத்துத் தூங்கியது. செயலாளர் வீட்டுக் கோடு நாள் முழுக்கக் குதித்தது. சரியாகப் பதினோரு மணிவாக்கில் சுருக்கென்று ஒரு முள்.

“அது நான்!” என்று கத்தினாள் தையல்நாயகி. தன் சமையலுக்கு முதல் முறையாக ஒரு அத்தாட்சியைப் பார்த்த மகிழ்ச்சியில், அது குற்றச்சாட்டு என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

“ஆமாம்மா, உங்களோடதுதான்,” என்றான் இன்பசேகரன். பிறகு நெற்றியைச் சுருக்கினான். “ஆனா ஞாயித்துக்கிழமை வேற ஒண்ணு இருக்கே. இந்த நாளைக் கணக்குலயே எடுக்க வேண்டாம்னு சார் சொல்லியிருந்தார், அதான் நானும் பாக்கலை. எல்லா ஞாயிறும் காலைல வருது. நீளமா, நிதானமா. இது முட்டை இல்ல. எண்ணெய் காயறது, ஏதோ விழறது, மெல்லிய தீ, அப்புறம் திருப்பிப் போட்டு மறுபடியும்…”

“வஞ்சரம்,” என்றார் பொருளாளர் மகாதேவன்.

அத்தனை தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

“கேள்விப்பட்டிருக்கேன்,” என்றார் அவர், சுண்டலைப் பார்த்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தையல்நாயகி கோயிலில் திருவாசக முற்றோதலில் இருப்பாள். மத்தியானம்தான் திரும்புவாள். அன்று காய்கறி வாங்க அவர்தான் போவார். வீட்டில் அவரைத் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது. அவள் கணவரைப் பார்த்தாள். அம்பலவாணன் மைக்கின் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

இன்பசேகரன் அப்பாவியாகக் கேட்டான்: “கையோட மத்த சுவர்களையும் ரெண்டு பக்கமும் போட்டுக் காட்டிடவா?”

“வேண்டாம்!”

சங்கத்தின் வரலாற்றில் ஒருமனதாக எழுந்த முதல் குரல் அதுதான். அடுத்த ஐந்து நிமிஷத்தில் தீர்மானமும் தயார். மகாதேவன்தான் முன்மொழிந்தார். குடியிருப்போரிடையே பாரபட்சம் கூடாது என்பதால், இனி எல்லாச் சுவர்களிலும் இரு பக்கமும் பூஜ்யம் என்றே கொள்ளப்படும். பழைய பதிவுகளும் அப்படியே திருத்தப்படும்.

“இரு பக்கமும் பூஜ்யம்னா கணக்கே இல்லையே சார்,” என்றான் இன்பசேகரன்.

“ஆனா கருவி இருக்கு இல்லையா? சாத்விகா கார்டன்ஸ்ல கருவி இருக்குங்கிறதுதான் முக்கியம். பராமரிப்பு ஒப்பந்தத்தை நீங்களே வச்சுக்குங்க.”

இவ்வாறாக, அன்று முதல் அந்தக் குடியிருப்பில் யாரும் எதையும் சமைக்கவில்லை. சமைக்காத ஜெபராணி மீது குற்றச்சாட்டும் இல்லை. நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது. வெப்பச் சான்றிதழில் பூஜ்யம் என்று வந்தது. வாசலில் அவள் தையல்நாயகியைக் கட்டிக்கொண்டாள்.

“ஆன்ட்டி, அப்ப நான் இனி சாளை வாங்கலாமா?”

“வாங்குடி. யார் கேக்கறான்னு நான் பாக்கறேன்,” என்றாள் தையல்நாயகி.

வீட்டுக்கு வந்ததும் அம்பலவாணன் நேரே சமையலறைக்குப் போய், விளக்கைக்கூடப் போடாமல் மேடையில் சாய்ந்து நின்றார். தணிக்கையில் அவர் பிடித்த எத்தனையோ பேர் இப்படித்தான் நின்றிருப்பார்கள். தையல்நாயகி விளக்கைப் போட்டாள்.

“எவ்வளவு நாளா?”

“கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்தே,” என்றார். “டூர் போற இடத்துல. ரிட்டயர் ஆனப்புறம்தான் வீட்டுல.”

“அந்த பூஜ்யத்தை எனக்காகப் போட்டீங்கன்னு நெனச்சேன். என்மேல அவ்வளவு நம்பிக்கைன்னு அழுதேன். உங்களுக்காகப் போட்டுக்கிட்டீங்க. போட்டுட்டு, அந்தப் பொண்ணைப் பிள்ளையோட தெருவுல நிறுத்தப் பாத்தீங்க.”

“முட்டை நானில்லையே, தையூ. அவதான்னு நிஜமாவே நம்பினேன்.”

“அவதான்னு போய் நம்பினீங்களே. என்னைச் சந்தேகப்பட்டிருக்கலாமே!”

திட்டித் தீர்த்துவிட வேண்டுமென்றுதான் அவள் உள்ளே வந்தாள். வார்த்தைகளும் வரிசையாகத்தான் வந்துகொண்டிருந்தன. ஆனால் திடீரென்று முப்பத்தைந்து வருஷமும் அந்த அடுப்புக்கு முன்னால் வந்து நின்றது. இந்த மூன்று வருஷமாக ஒரே சமையலறை, ஒரே வாணலி. அவர் போனதும் இவள், இவள் போனதும் அவர். இருவரும் தின்று, கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, இலையில் எதிரெதிரே உட்கார்ந்து புடலங்காய்க் கூட்டைப் புகழ்ந்திருக்கிறார்கள். அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

“சீ, என்ன மனுஷர் நீங்க,” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “இத்தனை ஞாயித்துக்கிழமைல ஒரு நாளாவது எனக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கணும்னு தோணலையா உங்களுக்கு?”